தஞ்சை ஆயுதசாலையில் எஞ்சியவை

பழைய வாளையும் கட்டாரியையும் தேடிச் சேகரிப்போரைச் சண்டைப் பிரியர்கள் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உண்டு. ஆயினும், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள தஞ்சாவூர்க் கட்டாரிகளின் முன் சற்று நேரம் நின்று, பிடித்த கையை மறைத்துக் கவிந்திருக்கும் இரும்புக் காப்பில் யாளியையும் கொடியையும் துளையிட்டுச் செதுக்கிய கொல்லனின் பொறுமையை உணர்ந்தவர் எவரும் அவ்வாறு நினைக்கமாட்டார்.

நாயக்கர் காலத்திலும் மராட்டியர் காலத்திலும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த, அக்கட்டாரிகள் இருந்த தஞ்சை ஆயுதசாலை, 1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் சந்ததியின்றி மறைந்து கும்பினியார் வசம் ராஜ்யம் போனபின், காப்பாரற்று ஒரு குவியலாகிவிட்டது. 1863இல், சிறந்தவை என்று பொறுக்கிய சிலவற்றை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். யுத்தத்தில் அழிந்திருந்தாலாவது மனம் ஆறும். சர்க்கார் கணக்கில் வேண்டாத உலோகமாக அவை அழிந்ததை இன்று நினைத்தாலும் நெஞ்சு பொறுப்பதில்லை. எஞ்சியவற்றுள் சில கட்டாரிகளின் அலகுகள் ஐரோப்பிய வாள்களிலிருந்து வந்தவை. கடல் கடந்து வந்த உருக்கும் நம் நாட்டுக் கைவேலையும் ஒரே கருவியில் சேர்ந்திருக்கும் இந்த விசேஷத்துக்கு இன்னும் எத்தனை சாட்சிகள் உலைக்குள் போயினவோ!

அன்று உலை செய்த நாசத்தை இன்று உப்புத்தாள் செய்கிறது. கைக்குக் கிடைத்த வாளைப் பளபளக்கத் தேய்ப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்று கருதும் அன்பர்கள், நம் நாட்டு உருக்கின் மேனியில் நீரோட்டம் போல் ஓடும் ரேகைகளையும், உளிக்குறிகளையும், பொன்பூச்சின் கடைசித் துணுக்கையும் ஒரே பிற்பகலில் அழித்துவிடுகிறார்கள். சென்னை போன்ற கடற்கரைப் பட்டினத்தில் காற்றிலுள்ள உப்பு இரும்பின் துருவுக்குள் தங்கி உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போவதாலும், கைவியர்வையிலும் அதே உப்பு இருப்பதாலும், உறையணிந்த கையால் எடுத்து, உதிரும் துருவை மட்டும் மெல்ல நீக்கி, ஈரம் போக உலர்த்தி, மெல்லிய மெழுகுப் பூச்சிட்டு வைப்பதே தக்க உபாயம். தோலுறை ஈரத்தை உறிஞ்சுவதாலும், தோல் பதனிட்ட அமிலம் இரும்பை அரிப்பதாலும், வாளையும் உறையையும் அருகருகே, ஆனால் தனித்தனியே வைக்கவேண்டும்.

இவ்வளவு செய்தும், வந்த வழி தெரியாத ஆயுதம் பாதி ஊமைதான். ஆயுத பூஜையன்று மட்டும் பரணிலிருந்து இறங்கும் வாள் உள்ள குடும்பங்களை நான் வேண்டிக்கொள்வது இது: அதை வைத்திருந்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தது, எவர் வாயிலாகக் கேட்ட செய்தி என்பவற்றை, சொல்லக்கூடிய பெரியவர் இருக்கும்போதே எழுதி, இரும்பின்மேல் ஒட்டாமலும் பொறிக்காமலும், பருத்தி நூலில் கோத்த சீட்டாகப் பிடியில் கட்டிவையுங்கள், அதன் பிரதி ஒன்று வீட்டுப் பத்திரங்களோடு இருக்கட்டும்.