பனிமலை கேட்டான்... பக்கத்து மலைக்குப் போனோம்!

"சித்தி, லீவுக்கு இந்த மலைக்குப் போலாமா?"

அக்கா பையன் போனை நீட்டினான். ரீல்ஸில் குல்மார்க். அவன் வயசுப் பொடியன் ஒருத்தன் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சர்ரென்று சறுக்குகிறான்.

ஏழு வயசுக்கு ஆசை வருவது நியாயம்தானே? காஷ்மீருக்கு ஆறு டிக்கெட் என்று போட்டுப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் ஆப்பை மூடினேன். பணம்கூட அப்புறம். 8,500 அடிக்கு மேலே இருக்கிற ஊருக்கு முட்டிவலி ஆயாவை எப்படிக் கூட்டிப்போவது?

பனி பெய்யும் நாடுகளில் பெரிய மலைகள் மட்டும் இல்லை. ஊருக்குப் பக்கத்திலேயே சின்னச் சறுக்கு மலைகளும் உண்டு. பிள்ளைகள் விழுந்து எழுந்து பழகுவது அங்கேதான். பெரியவர்கள் அடிவாரத்தில் சூடாக எதையாவது குடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். காலையில் போனால் சாயங்காலம் வீடு.

பனி இல்லாவிட்டால் என்ன, அப்படி ஒரு மலை எங்கள் மணலூர்பேட்டைக்கும் இருக்கிறதே... கல்வராயன்! உயரம் 2,000 முதல் 3,000 அடிதான்.

சொன்னதும் அம்மா முகம் மாறியது. "அந்த மலைக்கா? குடும்பத்தோடவா?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. கல்வராயன் என்றாலே சாராய ஊறல் அழிப்புச் செய்திதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரில் விஷச்சாராயம் 60 பேருக்கு மேல் பலி வாங்கியது. மலைமக்களின் நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. அந்தச் செய்திகளை டெஸ்க்கில் உட்கார்ந்து டைப் செய்தவர்களில் நானும் ஒருத்தி. மலையை ஒருமுறைகூடப் பார்க்காமல்!

அரையாண்டு லீவில் கிளம்பினோம். தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம். கோமுகி அணைப் பக்கம் இட்லிப் பொட்டலம் பிரித்தோம். பிறகு வளைந்து வளைந்து ஏற்றம்.

பெரியார் அருவி சாலையோரமே இருப்பதால் ஆயாவும் இறங்கிவிட்டார். பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டவரை அப்புறம் எழுப்பவே முடியவில்லை. பையன் ஈரப்பாறையில் இரண்டு முறை வழுக்கி விழுந்து, "சித்தி, சறுக்கிட்டேன்!" என்று கத்தினான்.

மூன்றாவது முறை ஓடியவனை ஆயா பிடித்து இழுத்தார். தண்ணீருக்கடியில் உடைந்த பாட்டில். லேபிள் உரியாத, கடையில் வாங்கிய பாட்டில். கீழே இருந்து யாரோ கொண்டு வந்தது.

கரியாலூரில் படகு சவாரி முடித்து வரும்போது, சாமை அரிசி விற்ற அக்காவிடம் பேச்சுக் கொடுத்தார் ஆயா. ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "தை 5-ஆம் தேதி ஆத்துத் திருவிழா நடக்குமே, அந்த ஊரா? திருவண்ணாமலை சாமி வருமே!"

எங்களுக்கு அவர்கள் மலையைப் பற்றித் தெரிந்தது சாராயம். அவருக்கு எங்கள் ஊரைப் பற்றித் தெரிந்தது திருவிழா.

"வர்றவங்கள்ல பாதிப்பேரு சாமையா கேக்கறாங்க? வேற ஒண்ணுதான் கேக்கறாங்க. எங்க புள்ளைங்களும் நின்னு கேட்டுட்டுத்தானே இருக்கு?" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிலோ சாமை வாங்கினார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்: மழைக்காலம் முடிந்த கையோடு போனால் அருவியில் தண்ணீர் இருக்கும். மழை பெய்துகொண்டிருந்தால் இறங்காதீர்கள், வெள்ளம் திடீரென்று வரும். மேகம் அருவிக்கு நடக்க வேண்டும், முட்டிவலிக்காரர்கள் விட்டுவிடலாம். பெட்ரோலைக் கள்ளக்குறிச்சியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை வேண்டும். எங்கள் பையில் அந்த உடைந்த பாட்டிலும் இறங்கி வந்தது.

மறுநாள் காலை வாசலில் அம்மா குரல். பக்கத்து வீட்டு அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"கல்வராயனா? அட, குடும்பத்தோட போலாம்டி!"