'மின்கசிவு' என்று முடிந்துபோகும் கோப்புகள்

புது தில்லி: 2019 டிசம்பரில் தில்லி அனாஜ் மண்டியில் 43 பேர், 2024 நவம்பரில் ஜான்சி அரசு மருத்துவமனையில் பச்சிளங் குழந்தைகள், 2025 மே மாதம் ஹைதராபாத் சார்மினார் அருகே ஒரே கட்டடத்தில் 8 குழந்தைகள் உள்பட 17 பேர். ஒவ்வொரு தீவிபத்துக்குப் பின்னரும் முதலில் சொல்லப்பட்ட காரணம் மின்கோளாறு. அதை 'மின்கசிவு' என்று எழுதிவிட்டு நாமும் அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறோம்.

அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு ஆபத்துகள் அடங்கியுள்ளன. இரு கம்பிகள் நேரடியாகத் தொட்டு மின்னோட்டம் பெருக்கெடுப்பது ஷார்ட் சர்க்யூட். அதை எம்.சி.பி. துண்டித்துவிடும். உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மின்சாரம் நிலத்துக்குப் பாய்வதே உண்மையான மின்கசிவு. அதற்கு ஆர்.சி.சி.பி. உண்டு. மூன்றாவது, தளர்ந்த இணைப்பிலும் நைந்த கம்பியிலும் விட்டுவிட்டுத் தெறிக்கும் மின்பொறி. தளர்ந்த இணைப்பில் பொறி எழும்போது மின்னோட்டம் வழக்கமான அளவைத் தாண்டுவதில்லை, நிலத்துக்கும் பாய்வதில்லை. எனவே, முதலிரு கருவிகளும் செயல்படாத நிலையிலேயே சுவருக்குள் தீ பற்றிவிடுகிறது.

இந்தப் பொறியை இனம்கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை, அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு 1999-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே படுக்கையறைகளுக்கு வலியுறுத்தியது. 2002 முதல் அது அமலுக்கு வந்தது. பின்னர் கூடம், சமையலறை எனப் படிப்படியாக விரிவடைந்தது. பிரிட்டன் 2022-இல் உயரமான குடியிருப்புகள், மாணவர் விடுதிகள், முதியோர் இல்லங்கள் உள்ளிட்ட சிலவற்றுக்குக் கட்டாயமாக்கி, ஏனையவற்றுக்குப் பரிந்துரையோடு நிறுத்திக்கொண்டது.

இங்கு நிலைமை என்ன? மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் 2010-இல் வெளியாயின, 2023-இல் புதுப்பிக்கப்பட்டன. வீடுகளைப் பொறுத்தவரை அவற்றின் அழுத்தம் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பான் மீதே உள்ளது. ஆனால், மாநில அரசு அறிவிக்கும் மின்னழுத்த வரம்புக்கு உட்பட்ட நிறுவல்களை உரிமையாளரே சோதித்துச் சான்றளித்துக்கொள்ளலாம். நடைமுறையில், புதிய இணைப்பின்போது ஒப்பந்ததாரர் தரும் சோதனை அறிக்கைதான் பெரும்பாலான வீடுகள் காணும் முதலும் கடைசியுமான ஆய்வு. மின்விசிறிக்கும் விளக்குக்கும் போடப்பட்ட கம்பி இன்று குளிர்சாதனத்தைச் சுமக்கிறது என்பதைக் கேட்பார் இல்லை.

பொறுப்பும் சிதறிக் கிடக்கிறது. மின்சாரம் பொதுப் பட்டியலில். தீயணைப்பு மாநிலங்களிடமும் உள்ளாட்சிகளிடமும். தேசியக் கட்டட விதித் தொகுப்போ, மாநிலங்கள் ஏற்றாலன்றி வெறும் பரிந்துரை. நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போது, 'இது மாநில விவகாரம்' என்ற பதிலுடன் விவாதம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

விலை மிகுந்த புதிய கருவியை எல்லா வீடுகளிலும் ஒரே நாளில் திணிக்க இயலாது. திணித்தாலும் தளர்ந்த இணைப்புகள் சீராகிவிடா. ஆனால், மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் அதைத் தொடங்கலாம். மின்சுமையை உயர்த்தக் கோரும்போதும், வீடு கைமாறும்போதும் கம்பிகளைச் சோதிப்பதைக் கட்டாயமாக்கலாம். ஏற்கெனவே சட்டத்தில் உள்ள மின்கசிவுத் தடுப்பானாவது வீடுகளில் உள்ளதா என்று பார்க்கலாம்.

அதற்கெல்லாம் முன்பாக, ஒவ்வொரு தீவிபத்திலும் எந்த இணைப்பு, எந்தக் கம்பி, என்ன கோளாறு என்று விசாரணை அறிக்கைகள் துல்லியமாகச் சொல்லட்டும். காரணம் தெரியாமல் விதி வகுக்க முடியாது. 'மின்கசிவு' என்ற சொல்லோடு கோப்பு மூடப்படும்வரை, அடுத்த விபத்துக்கும் அதே சொல்தான் காத்திருக்கும்.