பத்தாயிரம் ரூபாயும் ஒரு டிஸ்க் வாயும்

வீடியோ கேம் பற்றி இவன் எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம் நண்பர்களே. 2020-இல் கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடி ஏழு மாதமாகியிருந்தது. பேரன் வீட்டிலேயே இருந்தான். நானும் வீட்டிலேயே இருந்தேன். காலை காப்பி முடிந்ததும் அவன் பேசியதெல்லாம் அந்த நவம்பரில் வரவிருந்த இரண்டு பெட்டிகளைப் பற்றித்தான். ஒன்று சோனியின் ப்ளேஸ்டேஷன் 5, மற்றது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ். தீபாவளிப் பணம், பிறந்தநாள் பணம் என்று இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தான். குறைவதை நான் போடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். பணம் போடுகிறவனுக்கு அபிப்பிராயம் சொல்ல உரிமை உண்டல்லவா?

முதலில் எண்களைக் காட்டி என்னை மிரட்டினான். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு 12 டெராஃப்ளாப், ப்ளேஸ்டேஷனுக்கு 10.28 தானாம். ஆனால் தகவலைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வேகத்தில் சோனி முந்துகிறதாம். வினாடிக்கு 5.5 ஜி.பி.; அங்கே 2.4 தான். கேட்டவுடன் எனக்கு எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு செக்‌ஷனில் டைப்பிஸ்ட் புயல்; ரிகார்டு ரூமிலிருந்து கட்டு எடுத்து வரும் அட்டெண்டர் ஆமை. அடுத்த செக்‌ஷனில் நேர்மாறு. சாயங்காலம் பார்த்தால் இரண்டு மேஜையிலும் முடிந்த வேலை ஏறக்குறைய ஒன்றுதான். இந்த டெராஃப்ளாப் சண்டையை இதற்கு மேல் நான் மதிக்கவில்லை.

என் கண் போனது அந்த 2020 விலைப் பட்டியலில். ப்ளேஸ்டேஷன் 5 ரூ. 49,990. அதே பெட்டி, அதே வேகம், டிஸ்க் போடும் வாய் மட்டும் இல்லாமல் ‘டிஜிட்டல் எடிஷன்’ என்ற பெயரில் ரூ. 39,990. எக்ஸ்பாக்ஸிலும் சீரிஸ் எக்ஸ் ரூ. 49,990, வாயில்லாத சின்னத் தம்பி சீரிஸ் எஸ் ரூ. 34,990. தம்பிக்குப் பலமும் குறைவு, 4 டெராஃப்ளாப்தான். ஆனால் சோனி விஷயத்தில் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் முழுக்க அந்த ஒரு வாய்க்குத்தான்.

“டிஸ்க்கெல்லாம் பழசு தாத்தா. டவுன்லோட் பண்ணிக்கலாம். உங்களுக்கும் பத்தாயிரம் மிச்சம்” என்றான். என் பையில் அவனுக்கு இவ்வளவு அக்கறை.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியவன். படித்ததோ பிரெஞ்சில். நொத்தேர் எழுதிய பழைய பிரெஞ்சுப் பத்திரம் எது வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். ‘ப்ரோப்ரியேத்தே’ என்றால் முழு உரிமை. ‘உய்சுஃப்ருய்’ என்றால் அனுபவிக்கும் உரிமை மட்டும். நம் தமிழ்ப் பத்திரத்தில் ஜீவியகால அனுபவ பாத்தியம் என்பார்கள். என் அத்தை அப்படித்தான் ஒரு வீட்டில் கடைசிவரை இருந்தாள். திண்ணை, தோட்டம், கிணறு எல்லாம் அவள் அனுபவம். ஆனால் அந்த வீட்டை விற்கவோ யாருக்கும் எழுதி வைக்கவோ அவளால் முடியாது. தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் என்று பத்திரத்தில் எழுதுவோமே, அந்த வரி அவள் பத்திரத்தில் இல்லை.

டிஸ்க்கில் அந்த வரி இருக்கிறது. டவுன்லோடில் இல்லை. பேரன் தன் பழைய ப்ளேஸ்டேஷன் 4-க்கு வைத்திருக்கும் பதினோரு டிஸ்க்கில் ஆறுதான் புதிதாக வாங்கியவை. மீதி நண்பர்களிடம் மாற்றிக்கொண்டவை, பாதி விலைக்கு வாங்கியவை. அப்போது புதுப் பெட்டியின் ஆட்டங்கள் ரூ. 4,999 வரை போயின. முடித்த ஆட்டத்தை விற்க வழியில்லாவிட்டால் மிச்சம் பிடித்த பத்தாயிரம் எத்தனை ஆட்டத்துக்குத் தாங்கும்? போதாததற்கு ப்ளேஸ்டேஷன் 5 பழைய 4-இன் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை ஏற்கும் என்கிறார்கள். வாயில்லாத பெட்டியில் அந்தப் பதினோரு டிஸ்க்கை எங்கே போடுவது?

இதில் வேடிக்கை ஒன்று. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் வருவதற்கு முன், பழைய டிஸ்க்கை விற்பதற்கும் இரவல் கொடுப்பதற்கும் கட்டுப்பாடு வைக்கப் பார்த்தது மைக்ரோசாஃப்ட். சோனி ஒரு குட்டிப் படம் எடுத்து விட்டது. ‘ஆட்டத்தை நண்பனுடன் பகிர்வது எப்படி?’ ஒருவர் டிஸ்க் பெட்டியை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார், படம் முடிந்தது. ஊரே கைதட்டியது. மைக்ரோசாஃப்ட் அந்த மாதமே பின்வாங்கியது. அன்று அப்படிக் கைதட்டு வாங்கிய சோனிதான் இன்று வாயில்லாப் பெட்டி விற்கிறது.

பிரான்சில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. உ.எஃப்.சே. க்க ஷுவாசீர் என்ற நுகர்வோர் சங்கம், கம்ப்யூட்டர் ஆட்டங்களை டவுன்லோடில் விற்கும் ஸ்டீம் கடையின் உரிமையாளரான வால்வ் மீது வழக்குப் போட்டது. வாங்கிய ஆட்டத்தை மறுபடி விற்க விடாமல் தடுப்பது செல்லாது என்று 2019 செப்டம்பரில் பாரீஸ் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சந்தா என்று பெயர் வைத்தாலும் நடந்தது விற்பனைதான் என்பது நீதிமன்றத்தின் பார்வை. படித்தபோது எழுந்து நின்று ‘பிராவோ’ சொன்னேன். ஆனால் கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போய்விட்டது. அதே டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், படித்த மின்நூலை மறுவிற்பனை செய்வது வேறு விஷயம், பதிப்பாளர் அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே இதை நம்பி அப்போது பணம் போட முடியவில்லை.

மின்நூல் என்றதும் சொந்த அனுபவம் ஒன்று. ஓர் இணையக் கடையில் முப்பது பிரெஞ்சு நூல்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தேன். ஒருநாள் கடையை மூடினார்கள். என் அலமாரியும் காலி. அப்பா வாங்கி வைத்த லரூஸ் அகராதி மட்டும் செல்லரித்த ஓரத்தோடு இன்னும் மேஜைமேல் இருக்கிறது.

பேரன் லேசில் விடுகிறவனா? “டிஸ்க் போட்டாலும் பாதி நெட்டிலிருந்துதான் இறங்கும் தாத்தா. கீறல் விழுந்தா டிஸ்க்கும் குப்பை” என்றான். இரண்டும் நியாயம்தான், ஒத்துக்கொண்டேன். மாதச் சந்தா கட்டி நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடும் எக்ஸ்பாக்ஸ் ஏற்பாட்டைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். அது வாடகை, வாடகை என்று சொல்லியே வாங்குகிறார்கள். வாடகையை விற்பனை என்று சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

கடைசியில் வாயுள்ள ப்ளேஸ்டேஷன் என்று முடிவானது. கூடுதல் பத்தாயிரமும் என் கணக்கு. எக்ஸ்பாக்ஸ் நவம்பர் 10-இல் இங்கேயும் வருவதாக இருந்தது. சோனியோ அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் 12 என்றது. நமக்கு அப்போது விலை மட்டும் சொல்லித் தேதி சொல்லவில்லை. அதுவரை பணம் தபால் ஆபீஸ் கணக்கிலேயே இருக்கட்டும் என்றேன். பதினோரு டிஸ்க்கையும் எடுத்து வா, எண்ணி வைப்போம் என்றால் பத்துதான் இருந்தது. ஒன்று அடுத்த தெருப் பையனிடம் இரவல் போயிருக்கிறதாம்.