கணக்குத் தனியச் செய்யிற சாமான் இல்லை

முதலே சொல்லிப்போடுறன்: நான் கலைப்பீடம். "ஆர்ட்ஸ் படிக்கிறவளுக்கு அட்சரகணிதத்தைப் பற்றிக் கதைக்க என்ன இருக்கு?" என்று இதை வாசிக்கத் தொடங்கியதும் யாராவது நினைத்திருப்பீர்கள். அந்த நினைப்போடுதான் எனக்குச் சண்டை.

எங்கட ஊரில் கணிதம் வெறும் பாடம் இல்லை. அது ஒரு வேலி. அந்தப் பக்கம் 'மூளை உள்ளவை', இந்தப் பக்கம் மிச்சப் பேர். இந்த வேலியைக் கட்டியது பிறப்பு இல்லை, நாங்கள் கணக்குப் படிக்கிற முறை. தனிய இரு, கதையாதே, கொப்பியை மறை, விளங்காட்டிலும் எழுது. நிறுவல் என்றால் அது ஒரு தனி மூளைக்குள் மின்னல் மாதிரி வருவது என்று சின்ன வயசிலிருந்தே நம்ப வைக்கப்படுகிறோம். இது பொய். இந்தப் பொய்யால் கூடுதலாக நட்டப்படுவது தீவுப் பிள்ளைகள்.

நான் நயினாதீவு. சாதாரண தரம் எழுதின கையோடு இணைந்த கணிதம் படிக்க ஆசைப்பட்டேன். எங்கட பக்கத்தில் அதற்கு வசதி இல்லை. ஆகவே காலமை படகில் குறிகட்டுவான், அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை தாண்டிப் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணத்துக்கு பஸ். பின்னேரம் கடைசிப் படகைப் பிடிக்க வேணும் என்பதால் ரியூசன் முடிய முதலே எழும்பி ஓடுவேன். நெடுந்தீவுப் பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். அவர்களுக்கு ஒரு மணித்தியாலம் கடல். காத்துக் கிளம்பினால் அதுவும் இல்லை.

ஆனால் நான் கணிதத்தை விட்டதுக்குப் படகு மட்டும் காரணம் இல்லை. தகரக் கொட்டகை, நீள வாங்குகள், முன்னால் ஒரு மைக். ஒருநாள் மூன்று எண்களின் வர்க்கங்களைப் பற்றிய ஒரு சமனிலி. சேர் "இரண்டு பக்கத்தையும் ரெண்டால பெருக்குவம்" என்றார். பெருக்கியதும் எல்லாம் அழகாக வர்க்கங்களாய் மடிந்து நிறுவல் முடிந்துவிட்டது. நான் எழும்பிக் கேட்டேன்: "சேர், ரெண்டால பெருக்க வேணும் எண்டு எப்பிடித் தெரியும்?" "அது செய்து செய்து வரும். இப்ப எழுதுங்கோ." பின் வாங்கில் சிரிப்பு. நான் இருந்துவிட்டேன்.

அந்த மனுசனில் எனக்குக் கோபம் இல்லை. அத்தனை பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், அவர் வேறென்ன செய்வார். ஆனால் பஸ் தரிப்பில் வைத்து இரண்டு பேர் வந்து "எங்களுக்கும் அது விளங்கேல்ல" என்றார்கள். மூன்று பேருக்கும் விளங்கவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் மொக்கு என்று நினைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தோம். சில மாதங்களில் நான் கலைப் பிரிவுக்கு மாறினேன். மற்ற இருவரும் என்ன ஆனார்களோ.

கலைப் பிரிவில் எனக்கு அளவையியல் கிடைத்தது. அங்கேதான் 'நிறுவுக' என்ற சொல்லின் பாரம் விளங்கியது. விடை காண்பது வேறு, நிறுவுவது வேறு. விடையைச் சரிபார்க்கப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் இருக்கிறது. நிறுவலுக்கு எதிரில் ஓர் ஆள் வேணும். 'ஏன்?' என்று கேட்கிற ஆள், ஓட்டை கண்டால் விடாத ஆள். அப்படி ஓர் ஆள் தலையாட்டும்போதுதான் நிறுவல் முடிகிறது. அது ஒரு வகைக் கதைபேச்சு. அதை வாய் திறக்காத மண்டபத்தில் படிப்பிக்கிறது கரையில் வைத்து நீச்சல் பழக்குவதற்குச் சமன்.

போன வருசம் விடுமுறையில் நடந்ததைச் சொல்கிறேன். வாசிகசாலை விறாந்தையில் நாலு பேர். யாழ்ப்பாணத்தில் தங்கிக் கணிதம் படிக்கிற மச்சான், சாதாரண தரம் எழுத இருந்த தங்கச்சி, எட்டாம் ஆண்டு படிக்கிற சித்தியின் கடைசிப் பெடியன், நான். மச்சான் இரண்டு நாளாய் ஒரு கணக்கில் மாட்டுப்பட்டுக்கொண்டு அதை ஒருத்தருக்கும் காட்டாமல் இருந்தான். பறித்துப் பார்த்தோம். 'ஒரு முழு எண்ணின் நான்காம் அடுக்கோடு 4 ஐக் கூட்டுக. அந்த எண் 1 ஐ விடப் பெரிதாயின், வருவது ஒருபோதும் முதன்மை எண் அல்ல என நிறுவுக.'

பெடியனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தண்ணி. அவனை விட்டுச் சோக்கால் சீமெந்து நிலத்தில் போடச் சொன்னோம். 2 க்கு 20. 3 க்கு 85. 4 க்கு 260. 5 க்கு 629. "இது முதன்மை எண்தான், கணக்குப் பிழை" என்றாள் தங்கச்சி. பெடியன் விடவில்லை. ஒவ்வொன்றாய் வகுத்துப் பார்த்து 17 தர 37 என்று கண்டுபிடித்தான். எல்லாவற்றையும் அப்படிப் பிரித்து ஒன்றின் கீழ் ஒன்றாய் எழுதினோம்: 2 தர 10, 5 தர 17, 10 தர 26, 17 தர 37.

நான் கண்டது ஒன்றுதான்: 10 உம் 17 உம் இரண்டு தரம் வருகின்றன. செய்யுளில் எதுகை தேடிப் பழகின கண், வேறொன்றும் இல்லை. உடனே தங்கச்சி, "எல்லாம் ஒரு வர்க்கத்தோட ஒண்டு கூட்டினது" என்றாள். உண்மைதான். 10 என்பது 3 இன் வர்க்கமும் 1 உம், 17 என்பது 4 இன் வர்க்கமும் 1 உம். அதாவது எடுத்த எண்ணுக்கு ஒன்று குறைந்ததின் வர்க்கத்தோடு 1, ஒன்று கூடியதின் வர்க்கத்தோடு 1, இவை இரண்டினதும் பெருக்கம். இனி எங்கே போக வேண்டும் என்று மச்சானுக்குத் தெரிந்துவிட்டது. எண்ணின் வர்க்கத்தோடு 2 ஐக் கூட்டி முழுவதையும் வர்க்கப்படுத்தினான். கூடுதலாய் வந்த, எண்ணின் வர்க்கத்தின் 4 மடங்கைக் கழித்தான். இரு வர்க்கங்களின் வித்தியாசம், இரண்டு காரணிகள். "முடிஞ்சுது" என்று சோக்கைப் போட்டான்.

"அப்ப 1 ஐ ஏன் விட்டவை?" என்றான் பெடியன். "கேள்வியில அப்பிடித்தான் கிடக்கு, விடு." அவன் விடவில்லை. 1 ஐப் போட்டால் 5 வருகிறது, 5 முதன்மை எண். ஆனால் எங்கட காரணிகள் 1 க்கும் வேலை செய்கின்றனவே? பார்த்தால், அப்போது சின்னக் காரணி 0 இன் வர்க்கத்தோடு 1, அதாவது வெறும் 1. ஆகவே இரண்டு காரணி இருக்கிறது என்று காட்டினால் காணாது. சின்னக் காரணியும் 1 ஐ விடப் பெரிது என்று காட்ட வேண்டும். எண் 1 ஐ விடப் பெரிதாய் இருந்தால் அது தானாய் வரும். மச்சானின் நிறுவலில் அந்த வரி இருக்கவில்லை. எட்டாம் ஆண்டுப் பெடியன் கேட்ட கேள்வியால்தான் அது முழுசானது.

நாலு பேரில் ஒருத்தரால் தன்னும் அதைத் தனியச் செய்திருக்க முடியாது. கணக்குக் 'கெட்டிக்காரன்' இரண்டு நாள் தனிய இருந்து தோற்றவன்.

அந்தக் காரணிப்படுத்தலுக்கு சோஃபி ஜெர்மெயின் என்ற பிரெஞ்சுப் பெண்ணின் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். 1776 இல் பிறந்தவர். பெண் என்பதால் உயர்கல்லூரி வாசல் ஏற விடவில்லை. லெ பிளாங்க் என்ற ஆண் பெயரில் லக்ராஞ்சுக்கும் காவுஸுக்கும் கடிதம் எழுதி எழுதித்தான் கணிதம் செய்தார். கதைக்க ஆள் தேடிப் பொய்ப் பெயர் வைக்க வேண்டி இருந்தது.

இனி மறுப்புகளுக்கு வாறன்.

"ராமானுஜன் ஆரோட கூடியிருந்து படிச்சவர்?" இதுதான் எல்லாருக்கும் கையில் கிடைக்கிற முதல் கல். பதில்: நாராயண ஐயரோடு. 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் ராமானுஜன் எழுதுவினைஞராகச் சேர்ந்தபோது அங்கே கணக்கு மேலதிகாரியாய் இருந்தவர் அவர். இரவுகளில் இருவரும் சிலேற்றும் கையுமாய் இருந்து கணக்குச் செய்தார்கள். நடுவில் விட்ட படிகளை எழுது, இல்லாட்டில் மற்றவருக்கு விளங்காது என்று ராமானுஜனை நெருக்கியவரும் அவரே. பிறகு 1913 இல் ஹார்டிக்குப் போன கடிதம். ஹார்டியும் அதைத் தனிய வாசித்து முடிவெடுக்கவில்லை, லிற்றில்வுட்டைக் கூப்பிட்டு இருவருமாய்த்தான் பார்த்தார்கள். எண் பிரிவினைகளைப் பற்றிய 1918 ஆம் ஆண்டின் புகழ்பெற்ற சூத்திரத்தில் ஹார்டி, ராமானுஜன் என்று இரண்டு பேர் இருக்கிறது. தனி மேதை என்று சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். அந்த மனுசன் வாழ்நாள் முழுக்கத் தேடியது கணக்குக் கதைக்க ஓர் ஆளை.

இது பழைய கதை என்றால், 2009 இல் கேம்பிரிட்ஜின் திமொதி கவர்ஸ் ஒரு கடினமான தேற்றத்துக்குப் புதிய நிறுவல் தேட யாரும் வரலாம் என்று பகிரங்கமாய் அழைத்தார். அரைகுறை யோசனையையும் சொல்லலாம், பிழைக்கலாம் என்பது ஏற்பாடு. ரெரன்ஸ் ராவோவும் வந்தார், ஒரு பள்ளிக்கூட ஆசிரியரும் வந்தார். ஆறு கிழமைக்குள் வழி கிடைத்தது. கட்டுரை பொலிமத் என்ற பொதுப் பெயரில் வந்தது.

"சோதனை மண்டபத்தில தனியத்தானே எழுத வேணும்?" ஓம். மேடையில் தனியப் பாடுகிறவரும் ஒருவரிடம் கேட்டு, திருத்தி, ஆளோடு ஆள் இருந்துதான் பழகினார். சோதனை என்பது மூன்று மணித்தியாலம். அதற்காக இரண்டு வருசத்தையும் சோதனை மண்டபம் ஆக்க வேண்டிய தேவை என்ன?

"பக்கத்தில இருக்கிறவன் உன்ர போட்டியாளன். அவனுக்குச் சொல்லிக் குடுத்தா உன்ர இடம் போகும்." இதைச் சொல்கிற பெற்றோரை எனக்குத் தெரியும். கணக்காகவே பார்ப்போம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன.  ஆனால் மாவட்டம் என்று பார்த்தால் நெடுந்தீவுப் பிள்ளையும் நல்லூர்ப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். முழு மாவட்டமும் நிற்கிற வரிசையில், படகில் உன்னோடு வருகிற ஒருத்தியிடம் கொப்பியை மறைத்து நீ எத்தனை இடம் முன்னுக்குப் போவாய்? ரியூட்டரிக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவருக்குத் தனியப் படிக்கிறது கட்டுப்படியாகும். தீவாருக்கு இருக்கிற ஒரே வளம் நாங்கள்தான். அதையும் ஒளித்து வைத்தால் மிச்சம் ஒன்றும் இல்லை.

"ஒருத்தன் செய்வான், மூண்டு பேர் பார்த்து எழுதுவினம்." இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. அதோடு நான் இன்னொன்றையும் சேர்க்கிறேன்: கூடி இருந்தால் பெடியள் சோக்கைப் பிடித்தால் விட மாட்டார்கள், பெட்டையள் கொப்பியில் எழுதிக்கொண்டு இருப்பார்கள். பொழுதுபட்ட பிறகு வாசிகசாலையில் இருக்க எத்தனை வீட்டில் பெட்டையளை விடுவார்கள்? ஆகவே சும்மா 'கூடிப் படியுங்கோ' என்று சொல்லிவிட்டுப் போக நான் தயார் இல்லை. ஒழுங்கு வேணும். நேரம் பின்னேரம் நாலு மணி. சோக்கு ஐந்து நிமிசத்துக்கு ஒருக்கால் கை மாற வேணும். முடிவில் நிறுவலை முழுசாய்ச் சொல்ல வேண்டியது கண்டுபிடித்தவர் இல்லை, ஆகக் குறையக் கதைத்தவர். அவரால் சொல்ல முடியாவிட்டால் நிறுவல் இன்னும் முடியவில்லை.

இதெல்லாம் வெளியிலிருந்து வந்த யோசனையும் இல்லை. காரைநகருக்கு அந்தப் பக்கம் வட்டுக்கோட்டை. அங்கே 1823 இல் தொடங்கிய செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளை, 1850களில் 'வீசகணிதம்' என்று அட்சரகணிதத்தைத் தமிழில் எழுதினார். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். ஒருவரைக் கணிதத்துக்கும் மற்றவரைப் பழந்தமிழ் நூற் பதிப்புக்கும் நினைவு வைத்திருக்கிறோம். உண்மையில் தாமோதரம்பிள்ளை பதிப்பித்ததும் கணக்கைப் போல 'இது ஏன் இப்பிடி' என்று ஏடு ஏடாய்க் கேட்ட வேலைதான். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் வேலி இருந்ததாய் எனக்குத் தெரியவில்லை. கலை, கணிதம் என்ற வேலியை நாங்கள்தான் பிறகு அடைத்தோம்.

எனவே ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ நெடுந்தீவிலோ இருந்து இதை வாசிக்கிற ஆளுக்கு ஒரு வேலை. இந்தச் சனிக்கிழமை நாலு பேரைச் சேருங்கோ. ஒருத்தராவது கணக்குப் படிக்காதவராய் இருக்கட்டும், ஒருத்தராவது உங்களைவிடச் சின்னவராய் இருக்கட்டும். கணக்கு நான் தாறன்: அடுத்தடுத்து வரும் எந்த நாலு முழு எண்களைப் பெருக்கி 1 ஐக் கூட்டினாலும் வருவது ஒரு நிறைவர்க்கம் என நிறுவுக. முதலில் சின்னவரை நாலைந்து தரம் பெருக்கிப் பார்க்க விடுங்கோ. விடை தெரிந்தவர் பத்து நிமிசம் வாய் திறக்கக் கூடாது.