பெட்டிமேல் இல்லாத எண்

டெல்லிக்காரர்கள் காமிரா வாங்க சாந்தினி சௌக்குக்குப் போவார்கள். அங்கே கூச்சா சௌத்ரி என்று ஒரு சந்து, நிறையக் காமிராக் கடைகள். 2003 தீபாவளிக்கு முன், போனஸ் பணத்தோடு அங்கே போய் நின்றேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "பில்லோடு வேணுமா பாய் சாஹிப், பில் இல்லாமலா?" இரண்டுக்கும் மூவாயிரம் ரூபாய் வித்தியாசம். பில் இல்லாததற்கு வாரண்டியும் இல்லை. நான் பயந்த சுபாவம். பில்லோடு வாங்கினேன். பதினெட்டாயிரம் ரூபாய், 3.2 மெகாபிக்ஸல். பெட்டிமேல் அந்த எண்தான் பெரிதாக இருந்தது. சட்டைப்பையில் அடங்கும் காம்பாக்ட் காமிரா. அந்த வாரம் அலுவலகத்தில் அதைத் தொட்டுப் பார்க்காதவர் இல்லை.

பெட்டிமேல் போடாத சில சங்கதிகள் வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தன. பொத்தானை அழுத்தினால் காமிரா கொஞ்சம் யோசிக்கும், பிறகுதான் படம் எடுக்கும். அந்த இடைவெளியில் குழந்தை சிரித்து முடித்துத் திரும்பியிருக்கும். முதல் ஆறு மாதப் படங்களில் என் பெண்ணின் பின்னந்தலைதான் அதிகம். பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், தருணம் வந்ததும் மீதியை அழுத்த வேண்டும் என்று பிற்பாடு கற்றுக்கொண்டேன். கடையில் வாங்கிய சாதா பேட்டரி நான்கைப் போட்டால் ஒரு கல்யாண முகூர்த்தம்கூடத் தாங்காது. திரை விளக்கு அத்தனையையும் குடித்துவிடும். ரீசார்ஜ் பேட்டரியும் சார்ஜரும் தனியாக வாங்கினேன்.

பெரிய தப்பு வேறு இடத்தில் நடந்தது. காமிராவோடு வந்தது 16 எம்.பி. கார்டு. 16 ஜி.பி. அல்ல, எம்.பி. முழு அளவில் எடுத்தால் பத்துப் படத்தில் நிரம்பிவிடும். கூடுதல் கார்டு அன்றைக்கு யானை விலை. மெனுவைக் குடைந்ததில் ஒரு வழி கிடைத்தது. படத்தின் அளவை 640 × 480 என்று குறைத்தால் நூறு படம் வரை அடங்கும். திரையில் பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஃபிலிம் காமிராவில் ஒரு சுருளுக்கு 36 படம் என்று கணக்குப் பார்த்தே வளர்ந்தவன். நூறு படம் என்றதும் புத்தி மயங்கிவிட்டது. மெனுவை அப்படியே விட்டுவிட்டேன்.

2004 குளிர்காலத்தில் அம்மா டெல்லிக்கு வந்திருந்தாள். ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்கு அழைத்துப் போனோம். படி ஏறும் முன் கீழே நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். அம்மா, என் மனைவி, பெண், பக்கத்து வீட்டு மாமி, எல்லோரும் அதில் இருக்கிறார்கள். படம் எடுப்பதென்றாலே முகத்தை விறைப்பாக்கிக் கொள்கிற அம்மா, அன்று மாமி ஏதோ சொன்னதற்குச் சிரித்துவிட்டாள். அவள் சிரிக்கிற ஒரே படம் எங்களிடம் அதுதான்.

2008-ல் அம்மா போனபின் பதின்மூன்றாம் நாளுக்குள் ஒரு படம் சட்டம் போட வேண்டியிருந்தது. கரோல் பாகில் ஒரு ஸ்டூடியோவுக்கு அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு போனேன். பன்னிரண்டு அங்குல உயரத்தில், அம்மாவை மட்டும் தனியாக எடுத்து வேண்டும் என்றேன். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு, "ஒரிஜினல் இல்லையா?" என்று கேட்டார். இதுதான் ஒரிஜினல் என்றேன்.

கணக்கு எளிது. காகிதத்தில் தெளிவாக அச்சாக அங்குலத்துக்குச் சுமார் 300 புள்ளிகள் வேண்டும். 640 புள்ளிகள் என்றால் இரண்டு அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். அதிலும் நான்கு பேர். அம்மாவின் முகத்துக்குக் கிடைத்தவை குறுக்கே அறுபது, எழுபது புள்ளிகள் இருக்கலாம். அதே காமிராவில் முழு அளவில் எடுத்திருந்தால் 2048 × 1536. நீளவாக்கில் மூன்று மடங்குக்கு மேல், மொத்தத்தில் பத்து மடங்கு புள்ளிகள். அந்தப் பத்து மடங்குக்கும் பதினெட்டாயிரம் கொடுத்துவிட்டு, மெனுவில் நானே அதை அணைத்து வைத்திருந்தேன்.

ஃபிலிம் காமிராவில் இந்த முட்டாள்தனத்தைச் செய்யவே முடியாது என்பதை அப்போது நினைத்துப் பார்த்தேன். மலிவான காமிராவானாலும் நெகட்டிவ் 36 × 24 மில்லிமீட்டர்தான். சிக்கனக்காரன் நினைத்தாலும் அதைச் சுருக்க வழியில்லை.

ஸ்டூடியோக்காரர் நல்லவர். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கட்டம் கட்டமாகத் தெரிந்ததையெல்லாம் இழைத்துச் சமமாக்கிக் கொடுத்தார். சட்டம் போட்டுக் கொண்டுவந்து மாட்டினோம். தங்கை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, அம்மா மூக்குத்தி எங்கே?" என்றாள். இழைத்ததில் அது போய்விட்டது. முகச்சுருக்கமும் போய், அம்மாவுக்குச் சித்தி முறை மாதிரி ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அதைக் கழற்றிவிட்டு, அம்மாவின் பழைய ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். அதில் அம்மா சிரிக்கவில்லை. மூக்குத்தி இருக்கிறது.

இதற்குப் பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும். 2014-ல் மறுபடி கூச்சா சௌத்ரி. இந்த முறை மயக்கிய எண் வேறு: 50 மடங்கு ஜூம். பறவை பார்க்கும் பழக்கம் தொற்றியிருந்தது. பெரிய லென்ஸ் வாங்க வக்கில்லாத என் போன்றவர்களுக்கென்றே பிரிட்ஜ் காமிரா என்று ஒரு ஜாதி உண்டு. பார்க்க எஸ்.எல்.ஆர். போல முறைப்பாக இருக்கும். லென்ஸைக் கழற்ற முடியாது. உள்ளே இருக்கும் சென்ஸர் பெரும்பாலும் காம்பாக்ட்டில் இருக்கும் அதே சின்னத் துணுக்குதான்.

இந்த சென்ஸர் அளவைச் சொல்லும் விதமே ஒரு கண்கட்டு வித்தை. 1/2.3 அங்குலம் என்பார்கள். பழைய டெலிவிஷன் காமிராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை ஒட்டி வந்த பெயர் அது. அசல் அளவு சுமார் 6.2 × 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஃபிலிம் நெகட்டிவின் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. வெயில் நன்றாக அடித்தால் குறை தெரியாது. மாலை ஐந்தரைக்கு மேல் படமெல்லாம் ரவை தூவியது போல ஆகிவிடும்.

ஆனால் சென்ஸர் சிறியதாக இருப்பதால்தான் ஜூமே சாத்தியம். 1200 மி.மீ. என்று விளம்பரப்படுத்தும் லென்ஸின் நிஜ நீளம் 215 மி.மீ.தான். அந்தத் துணுக்கில் விழும் பிம்பம் சிறியது என்பதால் 1200-க்குச் சமம் என்று கணக்கு. இந்தப் பந்தயம் எங்கே போயிற்று என்றால், நிக்கான் 2015-ல் 83 மடங்கு ஜூமோடு பி900, 2018-ல் 125 மடங்கோடு பி1000 கொண்டுவந்தது. பின்னதன் எடை 1.4 கிலோ. சட்டைப்பை காமிராவின் பங்காளி, தோள் வலிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

குறை சொன்னாலும் அந்த பிரிட்ஜ் காமிரா எனக்குக் கொடுத்த சந்தோஷம் கொஞ்சமல்ல. டெல்லி மிருகக்காட்சிசாலைக் குளத்து மரங்களில் ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடியும்போது காட்டு நாரைகள், மஞ்சள்மூக்கு நாரைகள், தாமாகவே வந்து கூடு கட்டும். கூண்டிலிருப்பவற்றைப் பார்க்கக் கூட்டம் போகும். நான் அவற்றை அண்ணாந்து பார்த்து நிற்பேன். குஞ்சின் வாயில் தாய் மீனைக் கக்குவதை அதில்தான் பார்த்தேன். குளிர்காலத்தில் சுல்தான்பூரில் மட்டும் பப்பு வேகாது. தூரத்து வாத்துகளுக்கும் எனக்கும் இடையே இருக்கும் மூட்டத்தையும் காமிரா ஐம்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும். மூன்றாம் வருடம் லென்ஸ் பாதியில் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. தூசி புகுந்திருக்கிறது என்றார்கள். பழுது பார்க்கச் சொன்ன தொகை காமிரா விலையில் பாதி. பேசாமல் பீரோவில் வைத்துவிட்டேன்.

இதற்குள் உலகமே போனுக்கு மாறியிருந்தது. ஜப்பானியக் கம்பெனிகள் 2010-ல் அனுப்பிய டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கு மேல். 2020-ல் ஒரு கோடிகூட இல்லை. போனது பெரும்பாலும் சட்டைப்பை ஜாதி.

இப்போது திடீரென்று அதற்கு மவுசு. போன மாதம் என் தங்கையின் பெண், கல்லூரியில் படிக்கிறவள், "மாமா, உங்ககிட்ட பழைய டிஜிகேம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். போன் படம் எல்லாம் ரொம்ப சுத்தமாக இருக்கிறதாம். 2003 காமிராவைத் தேடி எடுத்தோம். புது பேட்டரி போட்டதும் உயிர் வந்தது. கார்டைக் காணோம். 2006-க்கு முந்தைய காமிராக்கள் இன்றைய 64 ஜி.பி. கார்டுகளை ஏற்காது, என்னுடையது 2 ஜி.பி. வரைதான். கூச்சா சௌத்ரியில் ஒருவர் டப்பாவைக் கவிழ்த்து ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தார்.

அவளிடம் கொடுக்கும் முன் மெனுவுக்குள் போனேன். 640 × 480 அப்படியே இருந்தது. 2048-க்கு மாற்றினேன். இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று காட்டுகிற மூலையில் 999 என்று வந்தது. அதற்கு மேல் காட்ட அந்த மூலையில் இடமில்லை.