கட்டங்களை நிரப்பும் கை

பிக்மி என்றால் என்ன? குழந்தை பெற்ற வீட்டில் கேளுங்கள், சொல்வார்கள். தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்கள் பதிவாகும் இணையதளம் அது. பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனால் அந்த எண்ணைக் கேட்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் அதே எண்தான். பெரும்பாலும் அதில் விவரம் ஏற்றுகிறவர் கிராம சுகாதாரச் செவிலியர். சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு.

"கம்ப்யூட்டர் வந்தாச்சு, இனி வேலை ஈஸி" என்கிறார்கள். யாருக்கு? பகலில் பதிவேட்டில் எழுதியதையே ராத்திரி மறுபடி தட்டுகிறவருக்கா?

செவிலியர்கள் எண்களுக்கு எதிரி இல்லை. கிரிமியப் போரில் காயத்தைவிட நோய்தான் அதிகச் சிப்பாய்களைக் கொன்றது என்று 1858இல் வரைபடம் போட்டுக் காட்டிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் ஒரு செவிலியர். அவர் கையில் இருந்த எண், மேலே இருப்பவர்களைக் கேள்வி கேட்டது. இன்று கேள்வி மேலிருந்து கீழே வருகிறது: "ஏம்மா இன்னும் என்ட்ரி போடலை?"

ஒரு மென்பொருளைச் சோதிக்க எளிய வழி இருக்கு. செவிலியரிடம் அது எவ்வளவு கேட்கிறது, பதிலுக்கு என்ன தருகிறது என்று பாருங்கள். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகும் கர்ப்பிணியின் பெயரைக் காலையில் முதல் வரியாகக் காட்டினால், அது கருவி. கட்டத்தை மட்டும் நிரப்பச் சொன்னால், அது இன்னொரு மேலதிகாரி. அவர்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை.