தூளிக்கு மேலே ஒரு கூரை: பிளக்ஸ் வேண்டாமே!

ஹாமக் என்றாலே வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சமாச்சாரம் என்று பலருக்கு நினைப்பு. அந்தச் சொல்லே கரீபியன் தீவுகளின் பழங்குடிகளிடமிருந்து ஸ்பானியர்கள் எடுத்துக்கொண்டது. அவ்வளவு தூரம் போவானேன்? விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் சேலையில் கட்டிய தூளி காலங்காலமாகத் தொங்குகிறது. உள்ளே குழந்தை, சற்றுத் தள்ளி கொட்டை பொறுக்கும் தாய். தூளிக்கு மேலே? ஒன்றும் இருக்காது. இருந்தால், ஏதோ ஒரு தலைவர் கும்பிட்டுச் சிரிக்கும் பழைய பிளக்ஸ் பேனர்.

பிரச்சினையே அந்த பேனர்தான்.

இந்த விஷயத்தில் இரண்டு கோஷ்டிகள். கல்வராயன் மலைக்கு இரண்டு நாள் போவதற்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து வெளிநாட்டு டார்ப் வாங்குகிறவர்கள் ஒரு பக்கம். "பிளக்ஸ் சும்மா கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று சிரிப்பவர்கள் மறுபக்கம். இரண்டு பேரும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

போட்டுப் பார்க்கலாம். தூளியோ ஹாமக்கோ, மழைக்கும் வெயிலுக்கும் 3 மீட்டர் சதுரம் போதும். மூலைக்கு மூலை குறுக்காகக் கட்டினால் நீளம் சுமார் 4.2 மீட்டர் வரும். கட்டிய கயிறு வரை மறைந்துவிடும். பரப்பு 9 சதுர மீட்டர். பிளக்ஸ் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிராம் என்றால் மொத்தம் 2.7 கிலோ. சாப்பாட்டுத் தூக்கு, தண்ணீர், குழந்தை, இதற்கு மேல் இந்தச் சுமையையும் எந்தத் தாய் தினமும் சுமப்பாள்? சுமந்தாலும் உயரத்தில் விறைப்பாகக் கட்டுவது கஷ்டம். அதனால் தூளி மேலேயே போர்த்திவிடுகிறார்கள். காற்று நின்றுபோகிறது. பிளக்ஸ் என்பது பி.வி.சி. பூசிய துணி, அதற்குள் காற்று புகாது. நிழல் தர வந்தது சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடுகிறது. கிழிந்த பிறகு அதை எரித்தால் நச்சுப்புகை வேறு. இதுதான் இலவசத்தின் விலை!

மாற்று என்ன? தையற்கடைகளில் கிடைக்கும் மெல்லிய பாலியெஸ்டர் லைனிங் துணி. ஒன்றரை மீட்டர் அகலத் துணி என்றால் 3 மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு. ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும். நான்கு பக்கத்தையும் நேராக வெட்டாமல், நடுவில் நாலு விரல்கடை உள்வாங்கும்படி வளைத்து வெட்டினால் காற்றில் படபடக்காது. தொங்கும் கயிற்றின் வளைவுதான் அதற்கு அளவு. பிறகு மினரல் டர்பன்டைனில் கரைத்த சிலிகான் சீலன்ட்டை பிரஷ்ஷால் தேய்த்துவிட்டால் துணி, தையல் ஓட்டை இரண்டும் அடைபடும். இந்த வேலையைத் திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் செய்ய வேண்டும். வாடை முழுக்கப் போகும்வரை குழந்தை பக்கம் கொண்டுபோகக் கூடாது. பூச்சோடு சதுர மீட்டருக்கு 100 கிராமுக்குள் முடித்தால், மொத்தம் ஒரு கிலோகூட வராது.

மூலையில் பித்தளை வளையம் வேண்டாம். மணிமுத்தாற்றுக் கூழாங்கல் ஒன்றைத் துணிக்குள் வைத்து, கழுத்தில் கயிற்றை இறுக்கினால் போதும். கூரான பீங்கான் ஓடு மட்டும் வேண்டாம், துணியை அறுத்துவிடும். தூளிக்கயிற்றில் ஒரு சின்ன நூலைக் கட்டித் தொங்கவிட்டால், கயிறு வழியே வரும் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். முக்கியமான விஷயம்: கூரை தூளிக்கு மேலே நல்ல உயரத்தில், பக்கங்கள் திறந்தபடி இருக்க வேண்டும்.

"கூலிவேலைக்குப் போகிறவர்கள் தைத்துக்கொண்டு உட்கார முடியுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள்தான் தைக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஆளை வேலைக்குக் கூப்பிடுகிற தோப்புக்காரர் தைத்துத் தரட்டும். 2005-ல் வந்த தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டமே, வேலையிடத்தில் குழந்தைகளுக்கு நிழல் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. நூறு நாள் வேலைக்கு அரசு ஒத்துக்கொண்ட கடமை தனியார் தோப்புக்கு மட்டும் பொருந்தாதா?

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரி மரங்களைச் சாய்த்தபோது, கூரை இல்லாமல் இருப்பது என்னவென்று இந்தப் பக்கத்து மக்கள் எல்லோருக்குமே தெரிந்தது. தூளியில் கிடக்கும் குழந்தைக்கு அது வருடா வருடம் தெரிகிறது, சொல்லத்தான் வாய் இல்லை.

விருத்தாசலம் பீங்கான் ஊர். சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மையை இங்கே யாரும் மழையில் விட்டுவைக்க மாட்டார்கள், கரைந்துவிடும் என்று தெரியும். மண் பொம்மைக்குக் கிடைக்கும் அந்த அக்கறை, தூளியில் கிடக்கும் பிள்ளைக்கும் கிடைக்கட்டும். அதற்குத் தேவை ஆறு மீட்டர் துணியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான்.